கொம்பியூட்டருக்கு ஒரு வாகனப் பூசை

கடைக்காரர்களோடு கதைக்கக் கூச்சப்பட்டுத்தான் நான் கொம்பியூட்டரை வெளிநாட்டிலிருந்து வாங்கினேன். விலைக்கழிவு இரண்டாவது காரணம். வீட்டில் இந்த வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் எனக்கு வேலை. விற்பதற்கு வாயுள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரித்துக் காட்ட, வந்தவர்கள் முகத்தைச் சுளித்துத் தள்ளிவிட்டுப் போகும் சேலைகளை மடித்துத் திரும்ப அடுக்குவது நான். சேலை எதுவும் கேட்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, அதிலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே காது சிவக்கிறவனுக்கு, இதைவிடத் தோதான உத்தியோகம் கொழும்பில் கிடையாது. பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

மகள் அப்படியில்லை, தாயைப்போல. கட்டடங்களுக்குப் படம் கீறப் படித்தவள். இப்போது பென்சிலால் யாரும் கீறுவதில்லையாம், எல்லாம் கொம்பியூட்டரில்தான். படித்து முடித்துவிட்டு ஹெவ்லொக் டவுனில் ஒரு டியூட்டரியின் முன்மேசையில் இருந்து, "உங்கட மகன் இப்ப நல்லாத் திருந்திட்டார்" என்று பெற்றோருக்குப் பொய் சொல்லும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவுஸ்திரேலியாவில் ஒரு கொம்பனி அவள் கீறிய படங்களைப் பார்த்து விரும்பியது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை, அந்த வேலையைத் தாங்கக்கூடிய கொம்பியூட்டர் சொந்தமாக வேண்டும். அவர்கள் சொன்ன திங்கட்கிழமை காலையில், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு படம் கீறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். மகளிடம் இருந்த பழைய லப்டொப் ஒரு வீட்டுப் படத்தைத் திறந்தாலே மாவரைக்கும் மில் மாதிரிச் சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும்.

"பம்பலப்பிட்டியில போய் வாங்குவம், அப்பா."

"நான் முதல்ல தனியப் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிய உடனே ஒரு பெடியன் வந்து, என்ன ரகம், எவ்வளவு நினைவு, எந்தத் தலைமுறை, விளையாடவா வேலைக்கா என்று அடுக்கிக்கொண்டே போனான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். வந்ததற்கு மரியாதையாக மவுசுக்குக் கீழே விரிக்கும் சின்னப் பாய் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கொம்பியூட்டர் வாங்கப் போனவன் பாய் வாங்கி வந்ததை மனைவி அன்றே கீழ்வீட்டாருக்கும் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் போனில் அந்த விளம்பரம் வந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய இணையக் கடை. மகள் எழுதித் தந்த அதே சாமான், விலையில் பாதிக்குக் கிட்டக் கழிவு. மத்தியானச் சாப்பாட்டு நேரம் சேலை அடுக்குகளுக்கு நடுவே இருந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்கே யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் "என்ன வேணும் அங்கிள்" என்று கேட்கவில்லை. பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம், ஒருவரும் மனவருத்தப்பட மாட்டார்கள். இப்படி ஒரு கடைக்காகத்தான் நான் வாழ்நாளெல்லாம் காத்திருந்திருக்கிறேன்.

மகள் பார்த்தாள். "சாமான் நல்லதுதான் அப்பா. ஆனா பிழைச்சால் ஆரிட்டைப் போய்க் கேப்பீங்கள்?"

ஒருவரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்கு அதில் பிடித்ததே. அதைச் சொல்லவில்லை. அவளுடைய வங்கி அட்டையில் பணம் கட்டி, என் பெயரையும் என் போன் இலக்கத்தையும் கொடுத்தோம். கப்பல் கூலி, விமானக் கூலி, சுங்கம் என்று வழியில் இருந்தவர்களெல்லாம் அந்தக் கழிவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இது மனைவிக்குத் தெரியாது. வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பெட்டி வந்துசேர்ந்தது அந்தத் திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, எனக்குக் கடை ஓய்வு நாள். மகள் அதற்குள் டியூட்டரி வேலைக்கு விலகல் கடிதம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமையோடு அங்கே சரி. அவ்வளவு நம்பிக்கை. பெட்டியை நாங்கள் மேசையில் வைத்தபோது அவள் வேலையில் இருந்தாள்.

"கை வையாதேங்கோ" என்றாள் மனைவி. "முதல்ல கோயிலுக்குக் கொண்டுபோக வேணும்."

வெள்ளவத்தையில் யார் புது வாகனம் எடுத்தாலும் அது வீட்டுக்கு வருமுன் கோயில் வாசலுக்குப் போகும். மோட்டார் சைக்கிளோ, பிள்ளைகளின் மூன்று சில்லுச் சைக்கிளோ, விதிவிலக்கில்லை.

"இது வாகனமே?" என்றேன்.

"இதை வச்சுத்தானே பிள்ளை முன்னுக்குப் போகப்போகுது."

பெட்டியிலிருந்து இயந்திரத்தை மட்டும் எடுத்து ஓட்டோவில் ஏற்றினோம். மனைவி அதை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரும் பிள்ளையைப்போல மடியில் வைத்திருந்தாள். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வந்தார். பிறகு தாங்க முடியாமல், "ஸ்பீக்கரே?" என்றார்.

கோயில் வாசலில் எங்களுக்கு முன் ஒரு வெள்ளை வான் வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. அதன் முறை முடிந்ததும் ஐயர் தட்டோடு எங்களிடம் வந்தார். தரையில் துணி விரித்து வைத்திருந்த கறுப்புப் பெட்டியைப் பார்த்தார்.

"என்ன வாகனம்?"

"கொம்பியூட்டர், ஐயா" என்றாள் மனைவி.

ஐயருக்கு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதைவிட விசித்திரமானதையெல்லாம் பார்த்தவர் போலும். "ஆற்றை பேருக்கு? நட்சத்திரம்?" என்று கேட்டு மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். பெயர், நட்சத்திரம் எல்லாம் போனபின் எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர்தான் சற்று நின்றார்.

"இதுக்குச் சில்லு இல்லையே."

"கீழ நாலு றப்பர்க் கால் இருக்கு, ஐயா."

காலுக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். வாகனமென்றால் ஓடி நசுக்கும். இது ஓடாது. ஆகவே அதன் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி என்னை அமத்தச் சொன்னார்கள். வான்காரக் குடும்பம் முழுவதும் ஆறுதலாக நின்று பார்த்தது. அவர்களுடைய குழந்தை கைதட்டியது. என் காதில் கற்பூரத்தைக் காட்டியிருந்தால் தானாகப் பற்றியிருக்கும்.

கடைசியில் சந்தனம் வைக்க வேண்டும். முன்பக்கம் வழுவழுப்பான கண்ணாடி, அதில் ஒட்டாது. ஐயர் நெற்றியைத் தேடி இயந்திரத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நடுவாக மஞ்சள் நிறத்தில் ஒரு சதுர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கறுப்பில் அது ஒன்றுதான் மங்களமாகத் தெரிந்தது. "இது வடிவான இடம்" என்று அதன் மேல் பெருவிரலால் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தார். அதில் ஆங்கிலத்தில் ஏதோ பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. செய்தவனின் பெயராக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வானுக்கு உடைத்த தேங்காய் கொஞ்சம் எங்கள் மேலும் தெறித்தது. மனைவிக்குப் பரம திருப்தி.

பின்னேரம் மகள் வந்தாள். "அம்மா, இது என்ன கோலம்?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயர்களைப் பொருத்தினாள். பவர் பட்டனில் முதல் அமத்து அப்பாவின் கையால் இருக்க வேண்டும் என்றாள் மனைவி. அமத்தினேன்.

டப் என்று ஒரு சத்தம். வீடு முழுவதும் இருண்டது. விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்தது. எரிந்த பிளாஸ்டிக் மணத்துக்கு நடுவே மனைவியின் குரல் நிம்மதியாகக் கேட்டது. "சரி, திருஷ்டி கழிஞ்சிட்டுது."

மெயினைத் திரும்பப் போட்டதும் லைட் வந்தது, விசிறி வந்தது, கீழ்வீட்டார் வந்தார்கள். கொம்பியூட்டர் மட்டும் வரவில்லை. மகள் போனில் எதையோ தேடி வாசித்துவிட்டு, சந்தனத்தின் ஒரு மூலையை நகத்தால் சுரண்டினாள். கீழே எழுத்து தெரிந்தது. அமெரிக்காவின் கரண்ட் வேறு, எங்கள் கரண்ட் வேறு. பிளக்கைச் செருகுமுன் பக்கத்திலிருக்கும் சின்னச் சிவப்புச் சுவிட்சைத் தள்ளிவிடுங்கள் என்பதுதான் அந்த ஸ்டிக்கர். சிவப்புச் சுவிட்சும் அங்கேதான் இருந்தது. குங்குமத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஒரு பொட்டுப்போலக் கிடந்தது.

மகள் கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கதிரையில் இருந்து, "திங்கக்கிழமை" என்று மட்டும் சொன்னாள். மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குசினிக்குள் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மகள் அந்தக் கடைக்குப் படங்களோடு முறைப்பாடு எழுதிவிட்டாள். நாளைக்குப் போன் எடுப்பார்கள் என்று பதில் வந்தது. போன் என்னுடையது. நாளைக்கு அவளுக்கு டியூட்டரியில் கடைசி நாள். அங்கே முன்மேசையில் சொந்தப் போன் பாவிக்க விடமாட்டார்கள்.

"அவை இங்கிலிசில கதைப்பினம். நீங்கள் ஓம், ஓம் எண்டு சொன்னால் காணும் அப்பா. மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்."

ஓம் சொல்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

போன் வந்தபோது கடையில் கல்யாணக் கூட்டம். நான் பட்டு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கி நின்று காதில் வைத்தேன். ஒரு பெண்பிள்ளை ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னது. ஒன்றும் பிடிபடவில்லை. "கடவுளே" என்றேன், எனக்குள் என்று நினைத்துக்கொண்டு.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், நீங்க தமிழா?" என்றது.

"ஓம்."

"சிலோனா? நான் சென்னைல இருந்து பேசறேன் சார். இந்தக் கம்பெனிக்கு நாங்கதான் போன் எடுக்கறோம். சார், நீங்க அனுப்பின போட்டோல சிவப்பா ஒண்ணு இருக்கு. அது ரத்தமான்னு டெக்னிக்கல் டீம் கேட்டிருக்காங்க."

"குங்குமம், பிள்ளை."

"எனக்குத் தெரியுது சார். நானே காலைல வெச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா என் ஸ்கிரீன்ல குங்குமம் இல்ல. தண்ணி, நெருப்பு, சாப்பாடு, பூச்சி. இதுல ஏதாவதுதான் போட முடியும். கற்பூரம் காட்டினீங்களா?"

"காட்டினது."

"அப்ப நெருப்பு. தேங்கா?"

"அது பக்கத்து வானுக்கு உடைச்சது. கொஞ்சம் தெறிச்சது."

"தண்ணி." தட்டுகிற சத்தம் கேட்டது. "எலுமிச்சம்பழம் வெச்சீங்களா சார்?"

நான் வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

"சார்?"

"நாலு."

"சாப்பாடும் போடணும்." அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "பூச்சி மட்டும்தான் பாக்கி. பூச்சி இல்லையே சார்?"

"இன்னும் இல்லை."

அலுமாரிக்கு அந்தப் பக்கம் விற்பனைப் பெண்களின் சத்தம் அடங்கியிருந்தது. நான் போனில் இவ்வளவு கதைத்து அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. "அண்ணைக்கு ஆரோ மாட்டுப்பட்டிட்டினம்" என்று ஒருத்தி சொல்ல, மற்றவள், "பாவம் அந்தப் பக்கத்து ஆள்" என்றாள்.

போனில் குரல் திரும்பவும் கடைக் குரலாக மாறியது. ஏற்பாடு இதுதான். இயந்திரத்தை அப்படியே பொதிசெய்து திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே திறந்து பார்ப்பார்கள். தங்கள் பிழை என்று கண்டால் வேறொன்று அனுப்புவார்கள். எத்தனை வாரமாகும் என்று சொல்ல முடியாது. அதுவரை எந்தக் கடையிலும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றக் கூடாது. கழற்றினால் அவர்களுக்குப் பொறுப்பில்லை.

"ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், பதிஞ்சுடறேன்."

மகள் சொல்லித் தந்த ஓமுக்கும் பொருள் அதுதான். சொன்னால் கொம்பியூட்டர் எப்போதாவது ஒருநாள் திரும்பி வரக்கூடும். அதற்குள் அந்த வேலையில் வேறு யாரோ இருப்பார்கள். சொல்லாமல் இங்கே திறந்து, உள்ளே முழுக்க எரிந்திருந்தால் வேலையும் இல்லை, கொம்பியூட்டரும் இல்லை. அவள் விலகல் கடிதமும் கொடுத்துவிட்டாள். கூறைச் சேலை ஒன்றின் தலைப்பைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்" என்றேன்.

"சார்?"

"வேண்டாம் பிள்ளை. பிள்ளைக்குத் திங்கக்கிழமை வேலை. நான் இஞ்சை திறக்கப்போறன்."

"திறந்தா நாங்க எதுவும் செய்ய முடியாது சார். இந்தப் பேச்சை ரெக்கார்ட் பண்றாங்க."

"பண்ணட்டும்."

"சரி சார்" என்றது அந்தப் பிள்ளை. "அடுத்த தடவை ஸ்டிக்கர் மேல வெக்காதீங்க."

நேரே முதலாளியிடம் போய் அரைநாள் லீவு கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நான் லீவு கேட்பது செத்த வீட்டுக்கு மட்டும்தான்.

"ஆரும் செத்திட்டினமோ?"

"இன்னும் தெரியாது" என்றேன்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "வேறை தாறம் எண்டவையை ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?" என்றாள். சொன்னேன். இயந்திரத்தைச் சுற்ற ஒரு பழைய துவாயைத் தந்துவிட்டு வாசலில் நின்றாள். சாமிப்படத்தின் பக்கம் திரும்பப் போனாள், பிறகு திரும்பாமல் விட்டாள்.

பம்பலப்பிட்டியில், நான் பாய் வாங்கிய கட்டடத்தில், திருத்துகிறவர்களின் கடைகள் மேல்தட்டில் இருந்தன. சனிக்கிழமை என்பதால் ஒவ்வொரு மேசைக்கு முன்னும் ஆட்கள். நான் போன மேசையில் இருந்தவர் சிங்களவர். துவாயை விரித்தேன். சந்தனம், குங்குமம், அடியில் காய்ந்த எலுமிச்சம் விதை.

"அய்யே, மே மொன பூஜாவக்த?" என்றார். இது என்ன பூசை என்று கேட்கிறார்.

பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். வேறொரு நாளென்றால் துவாயை மூடிக்கொண்டு படியிறங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டோ, ஐயர், எலுமிச்சம்பழம், டப். இரத்தமா என்று அமெரிக்கா கேட்டதைச் சொன்னபோது ஒரு ஆள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் காது கொதித்தது. கொதிக்கட்டும் என்று விட்டுவிட்டு, திங்கட்கிழமைக் கதையையும் சொல்லி முடித்தேன்.

அந்த மனிதர் மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்த விசிறியில், பூசையில் தூவிய மல்லிகை இதழ்கள் ஒட்டியிருந்தன. கரண்டை வாங்கி உள்ளே அனுப்புகிற பெட்டி ஒன்றிருக்கிறது, பவர் சப்ளை என்பார்கள். வெடித்தது அதுதான். அதைக் கழற்றி மணந்து பார்த்துவிட்டு எறிந்தார். புதிதாக ஒன்றைப் பூட்டினார். போகும்போது அது மற்றதையெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்குமா என்று கேட்டேன். போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார். போட என்னைக் கூப்பிட்டார்.

"நீங்களே போடுங்கோ" என்றேன். என் கையின் ராசி அவருக்கும் தெரிந்துதானிருந்தது. சிரித்துக்கொண்டு அமத்தினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விசிறி சுழன்று மல்லிகை இதழ்களை அவருடைய சட்டையில் கொட்டியது. அவருடைய மேசைத் திரையில் வெளிச்சம் வந்தது. சுற்றி நின்றவர்கள், ஏதோ தங்கள் பணத்தில் வாங்கியதுபோல, ஆளுக்காள் முதுகில் தட்டிக்கொண்டார்கள். நான் திரும்ப நிற்பாட்டி, திரும்பப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒருதரம். அவர் பொறுமையாகச் செய்தார்.

மகள் வேலையால் வந்தபோது அது மேசையில் வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. "ஓம் எண்டெல்லே சொல்லச் சொன்னனான்" என்றாள்.

"சொல்லேல்லை."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உடுப்பு மாற்றாமலே இருந்து, கீறுகிற புரோகிராமை ஏற்றத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை மகள் திரைக்கு முன்னால் இருந்தாள். நானும் மனைவியும் கமராவில் விழாமல் குசினி வாசலோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். மகள் கோடு கோடாக இழுத்தாள். ஒரு வீடு வந்தது. கார் நிறுத்த இடம், அகலமான குசினி, மூன்று குளியலறை. ஒரு வெள்ளைக்காரர் இடைக்கிடை ஏதோ சொன்னார். அவள் சிரித்துப் பதில் சொல்லி ஒரு சுவரை எடுத்து அப்பால் வைத்தாள். கடைசியில் அந்த மனிதர் பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு மறைந்தார்.

"எடுத்திட்டினம்" என்றாள் மகள். "இந்த வீட்டை நான்தான் முடிக்க வேணுமாம்."

மனைவி கிட்டப் போய்க் குனிந்து, திரையை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை பார்த்தாள்.

"இதில சாமி அறை எங்கை?"

"அவை கேக்கேல்லை அம்மா."

"கேக்காட்டி என்ன, அந்த மூலை சும்மாதானே கிடக்கு. சின்னனா ஒண்டு கீறி விடு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிவிட்டேன். அதைக் கீறவே இல்லை என்று மகள் இன்றுவரைக்கும் சொல்கிறாள்.